வரி வாஷருக்கு, விலையேற்றம் ட்ரையருக்கும்: அமெரிக்க வீட்டுச் செலவும் கார் வாங்கும் கணக்கும்

2018 ஜனவரியில் அமெரிக்க அரசு இறக்குமதி வாஷிங் மெஷின்களுக்குக் கூடுதல் வரி போட்டது. ஆண்டில் முதலில் வரும் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருபவற்றுக்கு 50 சதவீதம். துணி உலர்த்தும் ட்ரையருக்கு இந்த வரி கிடையாது. ஆனால் சில மாதங்களிலேயே ட்ரையர் விலையும் கூடவே ஏறிவிட்டது. பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள் வாஷருக்குச் சுமார் 86 டாலர், ட்ரையருக்குச் சுமார் 92 டாலர் கூடியதாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் இரண்டையும் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். அதனால் வாஷரில் ஏற்ற வேண்டிய தொகையைக் கம்பெனிகள் இரண்டிலும் பிரித்துவைத்தன. வரியே கட்டாத உள்நாட்டுக் கம்பெனிகளும் சந்தை விலை ஏறியதைப் பார்த்துத் தங்கள் விலையை ஏற்றிக்கொண்டன.

அமெரிக்கப் பொருளாதாரக் கொள்கை சாதாரணக் குடும்பத்தின் செலவை எப்படித் தொடுகிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் நல்ல தொடக்கம். வாஷிங்டனில் போடும் உத்தரவு எந்தப் பொருளின் பெயரில் இருக்கிறதோ, அதில் மட்டும் செலவு ஏறாது. பக்கத்துப் பொருளில் ஏறும், சில சமயம் இரண்டு வருடம் கழித்து ஏறும். வட்டி, இறக்குமதி வரி, வருமான வரிச் சலுகை என மூன்று வழிகளில் அது வீட்டுக்குள் வருகிறது. கார் வாங்கும்போது மூன்றும் ஒரே ஒப்பந்தத்தில் சந்திக்கின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரை காரைப் பிடித்துக்கொண்டு போகிறது.

வட்டி எந்த வாசல் வழியாக வருகிறது

அமெரிக்காவின் மத்திய வங்கி பெடரல் ரிசர்வ், சுருக்கமாக ஃபெட். அது தீர்மானிப்பது வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கொடுத்து வாங்கும் பணத்தின் வட்டி. 2022 தொடக்கத்தில் அது 0 முதல் 0.25 சதவீதமாக இருந்தது. அந்த ஆண்டு ஜூனில் விலைவாசி ஒரே வருடத்தில் 9.1 சதவீதம் ஏறியிருந்தது. நாற்பது ஆண்டுகளில் காணாத ஏற்றம். 2022 மார்ச் தொடங்கி 2023 ஜூலைக்குள் ஃபெட் 11 முறை வட்டியை உயர்த்தி 5.25–5.50 சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 2024 செப்டம்பரில் இறக்கத் தொடங்கி, 2025 டிசம்பரில் 3.50–3.75க்கு வந்தது.

“ஃபெட் வட்டியைக் குறைத்துவிட்டது, இனி எல்லாக் கடனும் மலிவு” என்று தலைப்புச் செய்தியைப் பார்த்துச் சொல்வார்கள். பாதிதான் சரி. கிரெடிட் கார்டு வட்டி ஃபெட்டோடு கட்டிப்போடப்பட்டது. ஃபெட் வரம்பின் மேல் எண்ணோடு 3 சேர்த்தால் வங்கிகளின் ‘பிரைம் ரேட்’. அதன் மேல் கார்டு கம்பெனி தன் பங்கைச் சேர்க்கும். ஃபெட் அசைந்தால் ஓரிரு பில்லுக்குள் தெரிந்துவிடும். ஆனால் 30 வருட நிலையான வட்டி வீட்டுக் கடன் ஃபெட்டைப் பார்த்து நடப்பதில்லை, 10 வருட அரசுக் கடன் பத்திரத்தைப் பார்த்து நடக்கிறது. 2024 செப்டம்பரில் ஃபெட் அரை சதவீதம் குறைத்தது. அப்போது 6.08 சதவீதத்தில் இருந்த வீட்டுக் கடனின் சராசரி வட்டி, 2025 ஜனவரி நடுவில் 7.04க்கு ஏறியிருந்தது. விலைவாசி மறுபடி ஏறும், அரசின் கடன் கூடும் என்று பத்திரச் சந்தை நினைத்தால், ஃபெட் இறங்கும்போதே வீட்டுக் கடன் ஏறும்.

3 லட்சம் டாலர் வீட்டுக் கடனுக்கு 3 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,265 டாலர். 7 சதவீதத்தில் 1,996. 2021இல் 3 சதவீதத்துக்கு வாங்கியவர் வீட்டை விற்றுவிட்டு வேறு வீட்டுக்குப் போனால் மாதம் 700 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதனால் விற்காமல் உட்கார்ந்திருக்கிறார். விற்பனைக்கு வரும் வீடு குறைகிறது, வட்டி ஏறியும் வீட்டு விலை விழவில்லை. வாங்க முடியாதவர்கள் வாடகைக்கே நிற்பதால் வாடகையும் இறங்க மறுக்கிறது.

கார் லோன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வட்டி நிலையானது, கடன் கொடுப்பவர் சில வருடப் பத்திரங்களின் வட்டியைப் பார்த்து, அதன் மேல் உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கு (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) ஏற்ற ஆபத்துக் கட்டணத்தைப் போடுகிறார். நல்ல ஸ்கோருக்கும் மோசமான ஸ்கோருக்கும் இடையே பத்து சதவீதப் புள்ளிகூட வித்தியாசம் வரும். ஃபெட் கால் சதவீதம் குறைக்கட்டும் என்று காத்திருப்பதைவிட, கார்டு பாக்கியை அடைத்து ஸ்கோரை ஏற்றுவது அநேகமாக அதிக லாபம்.

35,000 டாலர் கடனை எடுத்துக்கொள்வோம். 60 மாதம், 4 சதவீதம் என்றால் தவணை 645 டாலர், மொத்த வட்டி 3,675. அதுவே 7 சதவீதம் என்றால் தவணை 693, மொத்த வட்டி 6,582. மாதம் 48 டாலர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தவணை கட்டுப்படியாகவில்லை என்றதும் டீலர் செய்வது காலத்தை நீட்டுவது. 84 மாதம், 7 சதவீதம் என்றால் தவணை 528ஆக இறங்கிவிடும். 4 சதவீதக் காலத்துத் தவணையைவிடக் குறைவு! ஆனால் மொத்த வட்டி 9,372. உண்மையில் நீண்ட கடனுக்கு வட்டி வீதமும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், ஆகவே நிஜக் கணக்கு இன்னும் மோசம்.

வட்டி மட்டுமல்ல சிக்கல். மூன்று வருடம் முடிந்ததும் 60 மாதக் கடனில் பாக்கி சுமார் 15,500 டாலர். 84 மாதக் கடனில் 22,060. அந்தக் கார் அன்றைக்கு 19,000க்குத்தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் காரை விற்றால் கையில் 3,500 மிஞ்சும். இரண்டாமவர் 3,000 டாலரைக் கையிலிருந்து போட்டால்தான் காரை விற்கவே முடியும். பலர் போடுவதில்லை, அந்தப் பள்ளத்தை அடுத்த காரின் கடனில் சேர்த்துவிடுகிறார்கள். புதுக் கார் ஷோரூமை விட்டு வெளியே வரும்போதே 3,000 டாலர் பழைய கடனைச் சுமந்து வருகிறது. விபத்தில் அது அழிந்தால் இன்சூரன்ஸ் காரின் மதிப்பைத்தான் கொடுக்கும், கடன் பாக்கியை அல்ல. அந்த இடைவெளிக்கென்றே ‘கேப் இன்சூரன்ஸ்’ விற்கிறார்கள். டீலரிடம் வாங்குவதைவிட உங்கள் வழக்கமான இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டால் பெரும்பாலும் மலிவு.

கார் கம்பெனிகளே நடத்தும் நிதி நிறுவனங்கள் 0 சதவீத வட்டி என்று அறிவிக்கும். அது ஃபெட்டின் தயவல்ல, வட்டி வடிவில் வரும் தள்ளுபடி. “0 சதவீத வட்டி அல்லது ரொக்கத் தள்ளுபடி, ஏதாவது ஒன்று” என்றால் கணக்குப் போட வேண்டும். வெளியே உங்களுக்கு 7 சதவீதத்தில் கடன் கிடைக்கும் என்றால், 35,000 டாலருக்கு 60 மாத 0 சதவீதம் சுமார் 5,500 டாலர் தள்ளுபடிக்குச் சமம். ரொக்கத் தள்ளுபடி அதைத் தாண்டாதவரை 0 சதவீதமே மேல்.

25 சதவீதம் என்றால் எதில் 25?

வெளிநாட்டுப் பயணிகள் காருக்கு அமெரிக்காவின் பழைய வரி 2.5 சதவீதம்தான். 2025 ஏப்ரல் 3 முதல் அதன் மேல் 25 சதவீதம் ஏற்றினார்கள். பின்னர் பேச்சுவார்த்தையில் ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், தென்கொரியக் கார்களுக்குப் பழைய வரியும் சேர்த்து 15 சதவீதமாக இறங்கியது. ஜப்பானுக்கு அது செப்டம்பர் 16 முதல். பிரிட்டனிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் கார் வரை 10 சதவீதம். மெக்சிகோ, கனடாவில் தயாராகும் கார், மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்த விதிக்கு உட்பட்டிருந்தால், அதில் அமெரிக்கப் பாகங்களின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி.

இந்த வரி ஷோரூம் விலைக்கு அல்ல, துறைமுகத்தில் அறிவிக்கும் இறக்குமதி மதிப்புக்கு. விலைச்சீட்டில் 32,000 டாலர் போட்ட ஜப்பான் கார் 26,000 மதிப்பில் இறங்கியதாக வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பது உள்நாட்டுப் போக்குவரத்து, விளம்பரம், டீலர் லாபம். 2.5 சதவீதம் என்றால் வரி 650 டாலர், 15 சதவீதம் என்றால் 3,900. கூடுதல் 3,250. கஸ்டம்ஸில் கட்டுவது ஜப்பான் அரசு அல்ல, காரை இறக்கும் அமெரிக்கக் கிளை. அந்தத் தொகையைக் கம்பெனி தன் லாபத்தில் கொஞ்சம், டீலருக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையில் கொஞ்சம், வாங்குபவர் தலையில் கொஞ்சம் என்று பிரிக்கும். 2025இல் கம்பெனிகள் பெரும்பங்கைத் தாங்களே விழுங்கின. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மட்டும் வரியால் 110 கோடி டாலர் போனதாகச் சொன்னது. அதனால் “விலை ஏறவில்லையே” என்று தோன்றும். ஸ்டிக்கர் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: குறைந்துபோன தள்ளுபடி, காணாமல்போன மலிவு மாடல், ‘டெஸ்டினேஷன் சார்ஜ்’ என்ற கொண்டுவரும் கூலி. இந்தக் கூலியில் பேரம் கிடையாது. தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊரில் வாங்கினாலும் அதே தொகைதான்.

அமெரிக்காவிலேயே தயாராகும் காரும் தப்பவில்லை. 2025 மே 3 முதல் எஞ்சின், கியர்பாக்ஸ், மின்சாதனங்கள் உட்பட முக்கிய உதிரி பாகங்களுக்கும் 25 சதவீதம் வந்தது. ஓசூர், கோயம்புத்தூர், சென்னையிலிருந்து போகும் பாகங்களும் இதற்குள் வந்தன. உள்நாட்டில் பாகங்களைப் பூட்டிக் காராக்கும் கம்பெனிகளுக்குக் கார் விலையில் 3.75 சதவீத அளவுக்குச் சமாளிப்புச் சலுகை கொடுத்தார்கள். ஸ்டீல், அலுமினியத்துக்குத் தனி வரி. 2025 ஜூனில் அது 50 சதவீதமானது.

ஒரு கார் எங்கே பிறந்தது என்று பார்க்க, கண்ணாடியில் டாஷ்போர்டு ஓரமாகத் தெரியும் 17 எழுத்து வின் நம்பரின் (வண்டியின் அடையாள எண்) முதல் எழுத்தைப் பாருங்கள். 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான், கே கொரியா, டபிள்யூ ஜெர்மனி. பிராண்ட் பெயரை நம்ப வேண்டாம். ஹோண்டா அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்திருக்கும், ஃபோர்டு மாவரிக் மெக்சிகோவிலிருந்து வந்திருக்கும். புதுக் காரின் ஜன்னல் சீட்டில் இறுதியாகப் பூட்டிய ஊரும், பாகங்களின் உள்நாட்டு விகிதமும் இருக்கும். அந்த விகிதத்தில் கனடாவையும் ‘உள்நாடு’ என்று சேர்த்தே எண்ணுகிறார்கள்.

பிக்கப் டிரக்கின் கதை இன்னும் பழையது. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964 முதல் வெளிநாட்டு லைட் டிரக்குகளுக்கு அமெரிக்கா 25 சதவீதம் போட்டது. கோழிச் சண்டை என்றோ முடிந்தது, டிரக் வரி மட்டும் அறுபது வருடமாக நிற்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் கார் கம்பெனிகள் டிரக்கில் கொழுத்த லாபம் பார்ப்பதற்கு இந்த மதிலும் ஒரு காரணம். அதைத் தாண்ட ஃபோர்டு செய்த வேலை வேடிக்கை: துருக்கியில் செய்த சரக்கு வேனில் பின் இருக்கைகளைப் பூட்டி, பயணிகள் வண்டி என்று சொல்லி 2.5 சதவீத வரியில் இறக்கி, பிறகு இருக்கைகளைக் கழற்றியது. 2024இல் 36.5 கோடி டாலர் கொடுத்து அரசுடன் சமரசம் செய்துகொண்டது.

பாகங்களின் வரி மெதுவாகப் போய்ச் சேரும் இடம் இன்சூரன்ஸ் பில். பம்பரில் ரேடார், கண்ணாடியில் கேமரா என்று வந்துவிட்டதால் சின்ன இடிக்கே பெரிய பில். இன்சூரன்ஸ் கம்பெனி நினைத்தவுடன் பிரீமியத்தை ஏற்ற முடியாது. பல மாநிலங்களில் மாநில இன்சூரன்ஸ் துறையின் ஒப்புதல் வேண்டும். அதனால் 2021–22இல் ஏறிய ரிப்பேர் செலவும் கார் விலையும் பிரீமியத்தில் முழுசாக வந்தது 2024இல்தான்: அந்த ஏப்ரலில் கார் இன்சூரன்ஸ் முந்தைய ஆண்டைவிட 22.6 சதவீதம் அதிகம். பொதுவான விலைவாசி அப்போது 3.4 சதவீதம்தான் ஏறியிருந்தது.

பழைய கார் சந்தை

புதுக் காரை வாங்கவே போவதில்லை என்பவருக்கும் இதில் பங்கு உண்டு. பழைய காரை யாரும் தயாரிக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன் விற்ற புதுக் கார்தான் இன்றைய பழைய கார். 2021 ஜூனில் பழைய கார் விலை ஒரே வருடத்தில் 45 சதவீதம் ஏறியிருந்தது. சிப் தட்டுப்பாட்டில் புதுக் கார் இல்லை, கையில் அரசு அனுப்பிய கொரோனா உதவிப் பணம், வட்டி அடிமட்டத்தில். 2019இல் சுமார் 1.7 கோடி புது வண்டிகள் விற்ற நாட்டில் 2022இல் 1.4 கோடிகூட விற்கவில்லை. அன்று விற்காத கார்தான் பின்னால் பழைய கார் சந்தையில் தட்டுப்பாடாக வந்தது.

நல்ல எண்ணத்தில் செய்த திட்டமும் இப்படிக் கடிக்கும். 2009இல் பழைய, பெட்ரோல் குடிக்கும் வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் என்று அரசு அறிவித்தது. இரண்டு மாதத்துக்குள் 6.7 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வந்தன. திரும்பச் சாலைக்கு வந்துவிடக் கூடாது என்பதால் டீலர்களே ஆயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகி நிற்கும்வரை ஓட்ட வேண்டும் என்பது விதி. சலுகை புதுக் கார் வாங்க வசதியுள்ளவருக்குப் போனது. 3,000 டாலருக்கு ஓடுகிற வண்டி ஒன்று தேடியவர் பார்க்க வேண்டிய கார்கள் எஞ்சின் இறுகிப் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

பெட்ரோலைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: மத்திய வரி 1993இலிருந்து கேலனுக்கு 18.4 சென்ட்தான், விலையை ஆட்டிவைப்பது கச்சா எண்ணெயும் சுத்திகரிப்பு ஆலைகளும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் வரியும்.

வரிச் சலுகையில் கைக்கு வருவது எவ்வளவு

புது மின்சாரக் காருக்கு 7,500 டாலர், பழைய மின்சாரக் காருக்கு 4,000 டாலர் வரை என்றிருந்த வரிக்கழிவு 2025 செப்டம்பர் 30ஓடு முடிந்தது. அன்றோடு முடிந்த காலாண்டில் மின்சாரக் கார் விற்பனை சாதனை படைத்து, அக்டோபரில் பொத்தென்று விழுந்தது. கடைசி நாள் தெரிந்த சலுகை எப்போதும் இப்படித்தான்; அடுத்த சில மாத வாடிக்கையாளர்களை முன்னாலேயே இழுத்துக்கொள்ளும். சலுகை முடிந்தபின் விற்காமல் நிற்கும் வண்டிகளுக்குக் கம்பெனியே தள்ளுபடி போடுவதும் உண்டு.

2025 ஜூலை 4 கையெழுத்தான சட்டத்தில் புதிதாக வந்தது கார் லோன் வட்டிக் கழிவு. 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். புதுக் காராக இருக்க வேண்டும், அமெரிக்காவில் இறுதியாகப் பூட்டியதாக இருக்க வேண்டும், சொந்த உபயோகத்துக்கு இருக்க வேண்டும், கடன் 2024க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். லீஸுக்குக் கிடையாது. தனிநபர் வருமானம் 1 லட்சம், தம்பதி 2 லட்சம் டாலரைத் தாண்டினால் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 200 டாலராகக் குறைந்துகொண்டே போய் மறைந்துவிடும்.

“பத்தாயிரம் டாலர் வரிச் சலுகை” என்று காதில் விழும். மேலே சொன்ன 35,000 டாலர், 7 சதவீதம், 60 மாதக் கடனில் முதல் 12 தவணைகளில் போகும் வட்டி சுமார் 2,258 டாலர். அதை வருமானத்தில்தான் கழிக்கிறோம், வரியில் அல்ல. 12 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம் 271 டாலர். 22 சதவீத அடுக்கில் 497. வருடம் முழுக்க 10,000 வட்டி கட்ட வேண்டுமென்றால் 7 சதவீதத்தில் 1.4 லட்சம் டாலர் கடன் நிலுவை இருக்க வேண்டும்! இந்த 271 டாலருக்காக, தேவைக்கு மேல் 5,000 டாலர் விலையுள்ள காரைத் தேர்ந்தெடுப்பது நஷ்டக் கணக்கு.

டீலரின் மேசையில்

இத்தனை கொள்கையும் கடைசியில் டீலரின் நிதி அறையில் ஒரு தாளாகிறது. அங்கே போகும் முன் இரண்டு மூன்று இடங்களில், குறிப்பாக ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவுக் கடன் சங்கம்), கடனுக்கு முன்ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 14 நாளுக்குள் எத்தனை இடத்தில் கேட்டாலும் கிரெடிட் ஸ்கோர் அதை ஒரே விசாரணையாகத்தான் எண்ணும். டீலர் காட்டும் வட்டி, வங்கி அவருக்குச் சொன்ன வட்டி அல்ல. நடுவில் ஒன்று, இரண்டு சதவீதம் தன் பங்காக ஏற்றிக்கொள்ளச் சட்டம் இடம்கொடுக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒப்புதல் கடிதத்தை மேசையில் வைத்தால் அந்தப் பங்கு அநேகமாகக் கரையும்.

“மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். வரி, பதிவு, கட்டணம் எல்லாம் சேர்த்து வண்டியை வெளியே எடுக்க மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இதில் மாநிலக் கொள்கையும் விளையாடும். ஆவணக் கட்டணம் கலிபோர்னியாவில் 85 டாலரைத் தாண்டக் கூடாது; ஃப்ளோரிடாவில் வரம்பே இல்லை. பழைய காரைக் கொடுத்துப் புதுசு எடுத்தால் பெரும்பாலான மாநிலங்களில் வித்தியாசத் தொகைக்கு மட்டும் விற்பனை வரி. கலிபோர்னியாவில் முழு விலைக்கும். அங்கே பழைய காரைத் தனியாக நல்ல விலைக்கு விற்க முடிந்தால், டீலரிடம் தள்ளிவிட வரி ரீதியாக ஒரு காரணமும் இல்லை.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் சட்டப்படி அச்சிட்டிருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள்: ஆண்டு வட்டி வீதம், மொத்த வட்டிச் செலவு, கடன் தொகை, கட்டப்போகும் மொத்தத் தவணைகள். கடன் தொகை நீங்கள் பேசி முடித்ததைவிட அதிகமாக இருந்தால், பழைய கடனோ, கேட்காத வாரண்டியோ, கேப் இன்சூரன்ஸோ உள்ளே புகுந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள். கார் அமெரிக்காவில் பூட்டியது என்றால் வின் நம்பரை வரிக் கோப்பில் எழுதிவையுங்கள். வட்டிக் கழிவு கேட்கும்போது வரிப் படிவத்தில் அந்த 17 எழுத்தையும் நிரப்ப வேண்டும்.